நெஞ்சை விற்றவன்

ஈரமில்லாதவனைக் 'கல்நெஞ்சன்' என்று வைவது நம் நாட்டு வழக்கு. அஃது உவமை என்பதை அறிந்தே கூறுகின்றோம். ஒருவன் மார்பைத் திறந்து அங்கே கல்லைக் கண்டவர் நம்முள் எவரும் இலர். அவ்வுவமையை உவமையளவில் விடாது, ஒருவன் உண்மையாகவே தன் நெஞ்சைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு அவ்விடத்தே கல்லை வைத்துக்கொண்டான் என்று ஒரு கதை ஜெர்மனி நாட்டில் வழங்குகின்றது. திருவிழா நாளில் வேற்று நாட்டுக் கதை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

கதையின் பெயர் 'குளிர்ந்த நெஞ்சம்'. பெயரைக் கேட்டதும் நமக்கு மயக்கம் உண்டாகும். உள்ளம் குளிர்ந்தது என்றால் நாம் மகிழ்ச்சி என்று கொள்வோம். வெயில் காயும் நாட்டார்க்குக் குளிர்ச்சி இனியது. பனி பெய்யும் நாட்டார்க்கோ வெம்மையே உயிர். குளிர்ச்சி பிணத்தின் தன்மை. ஆகவே குளிர்ந்த நெஞ்சம் என்பது அவர்கட்குச் செத்த நெஞ்சம்.

இதனை எழுதியவர் வில்ஹெல்ம் ஹவுஃப் என்பார். 1802ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரிற் பிறந்தவர். டூபிங்கன் பல்கலைக்கழகத்திற் சமய நூல் பயின்றவர். படைத்தலைவர் ஒருவர் இல்லத்துப் பிள்ளைகட்கு ஆசிரியராக இருந்தபோது கதை புனையத் தொடங்கினார். 1827ஆம் ஆண்டு நவம்பரில், இருபத்தைந்து வயதும் நிரம்பாமுன்னே காலமானார். அவருடைய மூன்றாவது கதைத் தொகுதியில், கள்வர்க்கு அஞ்சிக் காட்டு விடுதியொன்றில் உறங்காது விழித்திருக்கும் வழிப்போக்கர் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளுள் ஒன்றாக இது அமைந்துள்ளது. அச்சம் மிக்க இரவிற் சொல்லத் தகுந்த கதைதான்.

தென்மேற்கு ஜெர்மனியிலே 'கருங்காடு' என்று ஒரு மலைக்காடு உண்டு. ஓங்கிய ஊசியிலை மரங்கள் அடர்ந்து பகலிலும் இருள் தங்குதலின் அப்பெயர் பெற்றது. அங்குள்ளார் கண்ணாடி வார்த்தனர், கடிகாரம் செய்தனர், மரங்களை வெட்டித் தெப்பங்களாகப் பிணித்து, சிற்றாறுகளின் வழியே ரைன் பேராற்றிற் செலுத்தி, ஹாலந்து நாடு வரை கொண்டுபோய் விற்றனர். கப்பல் கட்டுவார்க்கும், சதுப்பு நிலத்தே வீடுகட்கு அடிமரம் நடுவார்க்கும் அம்மரங்கள் இன்றியமையாதன. அவ்வாணிகத்தாற் பெரும்பணம் காட்டுக்குள் வந்தது. பணத்தோடு சூதும் குடியும் வந்தன. கதையில் வரும் அரக்கனுக்கு 'ஹாலந்து மிக்கேல்' என்று பெயர் அமைந்த காரணம் இதுவே.

பீட்டர் முங்க் என்பவன் கரி மூட்டம் போடுபவனுடைய மகன். தந்தை இறந்தபின் தாயைக் காக்க அவனும் கரி சுட்டான். அவனை வாட்டியது பசி அன்று. கரி படிந்த முகம். கண்ணாடித் தொழிலாளரும் தெப்பக்காரரும் திருநாளில் வெள்ளிப் பொத்தான் மின்ன நடக்கும்போது, தன்னை எவரும் ஏறெடுத்தும் பாராமையே அவனைத் தின்றது. பருத்த எசக்கியேல் என்னும் செல்வன், ஆட்டத்தில் வல்லவனாகி 'ஆட்ட மன்னன்' எனப் பெயர் பெற்றவன், இவர்கள் போல நாம் ஆகோமா என்று ஏங்கினான்.

அக்காட்டிலே ஞாயிற்றுக்கிழமை நண்பகலிற் பிறந்தார்க்கு மட்டும் காட்சி தரும் கண்ணாடிக் குள்ளன் என்ற நல்ல தெய்வம் ஒன்று இருந்தது. அது பீட்டருக்கு மூன்று வரம் தர இசைந்தது. முதல் வரமாக அவன் கேட்டவை: ஆட்ட மன்னனினும் நன்றாக ஆட வேண்டும், எசக்கியேலின் பையில் எவ்வளவு காசு உண்டோ அவ்வளவு தன் பையிலும் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டாவது வரம், நல்ல கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று. அதனை நடத்தும் அறிவைக் கேளாது விட்டாயே என்று குள்ளன் சினந்து, மூன்றாவது வரத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டான். ஒரு நாள் சூதாட்டத்தில் எசக்கியேலின் காசு முழுவதையும் பீட்டர் வென்றான். எசக்கியேலின் பை வெறுமையானதும், வரத்தின்படியே இவன் பையும் வெறுமையாயிற்று! நமக்கு நகைப்புத் தோன்றுகின்றது. அவனுக்கோ தொழிற்சாலை கடனில் மூழ்கிப் போயிற்று.

அவ்வேளையில் அவன் ஹாலந்து மிக்கேலை நாடினான். மிக்கேல் அவனை அச்சுறுத்தவில்லை. அன்போடு கேள்வி கேட்டான். உன்னை ஏமாற்றுக்காரன் என்று ஊரார் ஏசியபோது உனக்கு வயிறு வலித்ததா? வீட்டைவிட்டு வெளியேற்ற அதிகாரி வந்தபோது எங்கே நொந்தது? 'நெஞ்சில்' என்றான் பீட்டர். பிச்சைக்காரர்க்கு வாரி இறைக்கச் செய்ததும் அந்நெஞ்சன்றோ, அதனால் உனக்கு என்ன ஊதியம் என்று மடக்கினான் மிக்கேல். இவ்வினாக்களின் கொடுமையை அன்பர்கள் நோக்குக. இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. நெஞ்சு உள்ளவனே நோகின்றான். நெஞ்சு உள்ளவனே கொடுத்து இழக்கின்றான்.

பின்னர் அரக்கன் ஓர் அறையைத் திறந்து காட்டினான். தட்டுகளிலே கண்ணாடிக் குப்பிகள், குப்பிதோறும் ஒரு நெஞ்சு, அதன்மேற் பெயர்ச்சீட்டு. தானியத்தைப் பதுக்கி விலையேற்றுவார் அறுவர், படைக்கு ஆள் பிடிக்கும் அதிகாரிகள் எண்மர், பணத் தரகர் மூவர் ஆகியோருடைய நெஞ்சுகள் அங்கே இருந்தன. எசக்கியேலின் நெஞ்சும் இருந்தது. ஆட்ட மன்னனுடையதும் இருந்தது! தான் யார்போல் ஆக வேண்டுமென்று வரம் கேட்டானோ, அவர்களெல்லாம் முன்னமே விற்றுவிட்டவர்கள். இதைக் கண்டு அவன் நடுங்கியிருக்க வேண்டும். அவனோ, ஊரிற் பெரியவர் யாவரும் செய்ததுதானே என்று துணிவு கொண்டான். 1,00,000 குல்டன் நாணயத்துக்குப் பேரம் முடிந்தது. மார்பிலே சலவைக்கல் நெஞ்சு ஒன்று வைக்கப்பட்டது.

இரண்டு ஆண்டு வண்டியேறி உலகம் சுற்றினான். அழகிய நகரங்கள் கண்முன் சென்றன. ஒன்றும் உள்ளே செல்லவில்லை. பிறர் சிரிக்கும்போது மரியாதைக்காக வாயைக் கோணினான். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்து மீண்டு தன் காட்டின் கரிய விளிம்பைக் கண்டபோது, இப்போதாவது நெஞ்சு துள்ளும் என்று எண்ணினான். துள்ளவில்லை. நெஞ்சைத் திருப்பித் தருமாறு மிக்கேலைக் கேட்டான். அவன் மறுத்து, வேலை செய், மணம் செய்துகொள், சலிப்பு நீங்கும் என்று வழி சொல்லி அனுப்பினான்.

அதன்பின் பீட்டர் வட்டிக்குக் கொடுத்தான். தானியத்தைப் பன்மடங்கு விலைக்கு ஏழைகட்கு விற்றான். பெற்ற தாய் சனிக்கிழமைதோறும் வாயிலில் வந்து நிற்பாள். சிறு காசு ஒன்றைத் தாளிற் சுருட்டி வேலையாள் கையில் அனுப்புவான். நடுங்கும் குரலில் அவள் வாழ்த்துவதும், இருமிக்கொண்டே செல்வதும் அவன் காதில் விழும். அவன் நினைப்பது ஒன்றுதான்: இன்னும் ஒரு காசு வீணாயிற்று. கொலையைவிட இவ்விடமே நம்மை உலுக்குகின்றது. கொலை என்றோ நிகழ்வது. இது வாரந்தோறும் நிகழ்கின்றது. ஊரார் அவனைக் கொடியன் என்று சட்டத்தின்முன் நிறுத்தவும் முடியாது; காசு கொடுத்தான் அல்லனோ?

ஏழை விறகுவெட்டியின் மகளாகிய லிஸ்பெத்தை மணந்தான். இரவலர்க்கு ஈயலாகாது என்று அவளுக்குக் கட்டளை. ஒரு நாள் சுமையோடு தளர்ந்து வந்த முதியவர் ஒருவர் தண்ணீர் கேட்க, மனம் பொறாது அவள் கிண்ணத்தில் மதுவும் உடன் ரொட்டியும் கொடுத்தாள். திரும்பி வந்த பீட்டர் இதைக் கண்டு, சவுக்கின் கைப்பிடியால் அவள் நெற்றியில் ஓங்கி அடித்தான். அவள் மாண்டு விழுந்தாள். முதியவராய் வந்தவன் கண்ணாடிக் குள்ளனே. அவனிடம் பீட்டர் முதலிற் கேட்டது, என்னைக் கொலைகாரன் என்று வழக்குமன்றத்தில் உரைத்துவிட மாட்டாயே என்பது!

உணர்ச்சியெல்லாம் ஒழிந்தவனுக்குச் சினம் மட்டும் எங்ஙனம் எஞ்சிற்று என்று வினவலாம். நல்ல வினா, ஆசிரியர் இதற்கு விடை கூறவில்லை. நமக்குத் தோன்றுவது இது: அவன் சினந்தது மனைவிமேல் அன்று, கணக்கில் ஒரு கிண்ண மது குறைந்ததன்மேல். கணக்கு அறிவு கல்லோடும் கூடி வாழும்.

திருந்துவதற்கு எட்டு நாள் தவணை தந்து குள்ளன் மறைந்தான். இனிய குரல் ஒன்று, வெம்மையான நெஞ்சு தேடு என்று இரவுதோறும் பீட்டரை எழுப்பிற்று. விடுதியிலே எசக்கியேலோடு பேசும்போது, இறந்தபின் என்னாகும் என்று கேட்டான். அங்கே நெஞ்சுகளை நிறுத்துப் பார்ப்பார்களாம், பாவத்தாற் கனத்தவை கீழே தாழுமாம், நம் கற்கள் நல்ல எடை இருக்கும் என்றான் அவன். இருவரும் கல் பூண்டவர்கள். அச்சம் வரவேண்டிய இடம் அதுவென்று அவர்களுடைய அறிவுக்குத் தெரிகின்றது. அஞ்சுவதற்கு உள்ளே கருவி இல்லை. நெஞ்சை இழந்தவன் இழப்பை உணர்வதற்கும் அந்நெஞ்சே வேண்டியிருக்கின்றது என்பதுதான் இவ்வாணிகத்தின் உள்ளே மறைந்த வஞ்சகம். பீட்டர் மீண்டது வருத்தத்தால் அன்று. வருந்த இயலவில்லையே என்ற ஒரு நினைவினால்.

குள்ளனிடம் ஓடி நிறுத்தி வைத்த வரத்தைக் கேட்டான். என்னிடம் விற்ற பொருள் அன்றே, நான் எவ்வாறு மீட்பேன் என்று அவன் சூழ்ச்சி ஒன்று மட்டும் கற்பித்தான். அதன்படியே, நீ நெஞ்சை எடுத்தாய் என்பது பொய், அப்படி ஒன்று செய்ய உன்னால் முடியாது என்று பீட்டர் மிக்கேலை ஏசினான். தன் வல்லமையைக் காட்டும் செருக்கில் அவன் கல்லை எடுத்துவிட்டுப் பழைய நெஞ்சைப் பொருத்திக் காட்டினான். அது துடித்த அக்கணமே பீட்டர் தன் சமயத்துச் சின்னத்தைக் கையில் ஏந்தி வழிபாட்டு மொழிகளை ஓத, அரக்கன் புழுப்போற் சுருங்கினான். வெளியே ஓடியவனுக்கு முதல் வந்தது மகிழ்ச்சி அன்று. செய்தவை அனைத்தும் ஒருங்கே வந்தன. இறந்துபட விரும்பி அழுதான். குள்ளன் தாயையும், உயிர் பெற்ற லிஸ்பெத்தையும் கொணர்ந்து அவன்முன் நிறுத்தினான். செல்வத்தாற் கட்டிய மனை இடியால் எரிந்தது. பீட்டர் பழைய கரித்தொழிலுக்கே திரும்பினான்.

ஒன்று சொல்ல மறந்தோம். அரக்கன் சுருங்கி வீழ்ந்தபோது, அறையிலிருந்த குப்பிகளிலெல்லாம் நெஞ்சுகள் ஒருசேரத் துடித்தனவாம். கடிகாரம் செய்வோன் கடையிற் புகுந்தாற் போன்ற ஓசை எழுந்ததாம். பீட்டர் தன்னுடையதை மட்டும் கொண்டு ஓடிவிட்டான். மற்றையோர் எவரும் தம்முடையதைத் தேடி வந்ததாகக் கதை கூறவில்லை. எசக்கியேலின் பெயர்ச்சீட்டோடு அந்தக் குப்பி அத்தட்டிலேயே இருக்கின்றது.