ஆணி அடிக்கக் கூடாது

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். "எத்தனை பேரு?" "எங்க வேலை?" "சொந்த ஊர் எது?" கடைசிக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும், அதற்குப் பிறகு வருவோம். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் நேரம், செருப்பு விடும் இடம் எல்லாம் பேசி முடித்து, சாவி கைமாறியபின், படியிறங்கப்போன ஹவுஸ் ஓனர் மாமி ஒரு நிமிஷம் நின்று திரும்புவார். "எல்லாம் சரி, சுவத்துல மட்டும் ஆணி அடிச்சுடாதீங்கோ."

"சரி மாமி."

சிக்கல் அந்தச் 'சரி'யில்தான் தொடங்குகிறது. தினசரிக் காலண்டரை எங்கே தொங்கவிடுவது? கடிகாரம்? கல்யாணப் போட்டோ? சாமி படம்? தமிழ்க் குடும்பத்தின் பாதி சரித்திரம் சுவரில் தொங்குகிற சமாசாரம். அதை ஆணி இல்லாமல் மாட்டி, அடுத்தவர் கட்டிய நாலு சுவரை நம் வீடாக்குவது ஒரு கைவேலை. அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மூன்று வீடு மாறினால் தானாக வந்துவிடும்.

இந்தக் கைவேலைக்கு வாகான இடம் நகரத்தின் பழைய அடுக்ககங்கள்தான். மந்தைவெளி, மேற்கு மாம்பலம், அடையாறு பக்கமெல்லாம் கிணறும் தென்னையுமாக இருந்த தனி வீடுகளை இடித்துவிட்டு எழுந்த மூன்று மாடிக் கட்டடங்கள். 1961-இல் உருவான தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. கார் நிறுத்துவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். ஆனால் பெரிய ஜன்னல், அதற்கு மேலே வென்டிலேட்டர், சமையலறையில் கடப்பைக்கல் மேடை, தலைக்கு மேல் பரண், சுவரிலேயே சிமென்ட் பலகை பதித்த அலமாரி என்று புதிய கட்டடங்கள் மறந்துபோன பல வசதிகள் அங்கே இருக்கும். காலுக்குக் கீழே மொசைக்.

மொசைக் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலவைக்கல் சில்லுகளைச் சிமென்ட்டில் கலந்து பரப்பி, அது இறுகியபின் மிஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெறுங்காலோடு நடந்தால் மே மாதத்திலும் ஜில்லென்றிருக்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள் இந்தத் தரைக்குச் செய்யும் முதல் துரோகம் ஆசிட். உப்புத் தண்ணீர்க் கறை போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார்கள். சலவைக்கல் என்பது சுண்ணாம்பு இனம். ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும். கறை போகும், கூடவே நாற்பது வருஷத்து மெருகும் போகும். அப்புறம் அந்த இடம் சொரசொரவென்று ஆகி, விழுகிற அழுக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். லேசான சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும். மிகவும் மங்கிப்போயிருந்தால் பாலிஷ் போடும் ஆட்கள் மிஷினோடு வருவார்கள். அந்தச் செலவு யார் தலையில் என்பதைச் சாமான் இறங்குவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. சாமான் இறங்கிய பிறகு பேரம் பேசும் பலம் போய்விடும்.

சாமான் இறங்குவதே ஒரு படலம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டோம் என்கிற குடும்பங்கள் இன்னும் ஏராளம். அதனால் ஆனி முடிவதற்குள்ளும், ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும் தெருவுக்குத் தெரு 'குட்டியானை' நிற்கும். சின்னச் சரக்கு வண்டிக்கு ஊர் வைத்த செல்லப் பெயர் அது. முதல் நாள் நல்ல நேரத்தில் சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம் உள்ளே போகும். அடுப்பில் பால் பொங்கும். பால் காய்ச்சுகிற சடங்கில் சொந்த வீடு, வாடகை வீடு என்கிற பேதம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் பால் பொங்கத்தான் செய்கிறது. மறுநாள் பீரோ வரும். அது மட்டும் எந்த மாடிப்படித் திருப்பத்திலும் திரும்பாது. கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றுவார்கள். எதிர்வீட்டுக்காரரோடு முதல் அறிமுகம் பெரும்பாலும் அந்தக் கயிற்றின் மறுமுனையில்தான் நடக்கும்.

இனி ஆணி. பழைய வீட்டில் ஒரு அனுகூலம், நமக்கு முன்னால் இருந்தவர்கள் ஓனர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். வெறும் சுவரில் கண்ணை ஓட்டினால் அவர்கள் வாழ்ந்த விதம் தெரியும். வாசலுக்கு எதிரே கண்மட்டத்தில் ஒற்றை ஆணி: காலண்டர். கிழக்குச் சுவரில் நெருக்கமாக ஏழெட்டு: சாமி படங்கள். படுக்கையறை உத்தரத்தில் கொக்கி: தூளி கட்டியிருக்கிறார்கள், குழந்தை இருந்த வீடு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தாழ்வாக ஒன்று: பை மாட்டியது, மாட்டியவர் அதிக உயரமில்லை. இந்த ஆணிகளைப் பிடுங்காமல் சுற்றித்தான் அனுபவசாலிகள் வீட்டை அமைக்கிறார்கள். கடிகாரம் வேண்டிய இடத்தில் வராது, கிடைத்த இடத்தில் வரும்.

ஒட்டும் கொக்கிகளை நம்பி இறங்கியவர்கள் பாவம். டைல்ஸ், கண்ணாடி, பெயிண்ட் அடித்த மரக்கதவு ஆகியவற்றில் அவை நன்றாகவே நிற்கும். பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் நிற்காது. ஏனென்றால் பசை பிடித்துக்கொள்வது சுவரையல்ல, மேலே உதிரக் காத்திருக்கும் மாவை. கையால் தடவினால் வெள்ளை ஒட்டுகிறதா என்று பார்த்தாலே போதும். ஒட்டினால் நள்ளிரவில் படம் விழும். நடுராத்திரிக் கண்ணாடிச் சத்தத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு சகுனம் சொல்வார்கள். மாற்று வழிகள் உண்டு. ஜன்னல் கம்பியில் 'எஸ்' கொக்கி மாட்டி செடித்தொட்டியைத் தொங்கவிடலாம். பரணின் விளிம்பிலிருந்து கயிறு இறக்கிப் படம் மாட்டலாம். பெரிய படத்தை அலமாரி மேல் சாய்த்து வைத்தாலே ஒரு களை வந்துவிடும். கொசுவலைக்கும் ஆணி வேண்டாம். ஜன்னல் சட்டத்தில் வெல்க்ரோ பட்டையை ஒட்டி வலையைப் பதித்துவிடலாம், வீடு மாறும்போது உரித்துச் சுருட்டிக்கொள்ளலாம். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு அளவு சரியாக வராது என்பது வேறு விஷயம்.

சுவரைவிட முக்கியம் வெயில். சென்னை வீட்டில் மேற்குச் சுவர் மாலை முழுக்க வெயிலை வாங்கிக்கொண்டு, நாம் படுத்த பிறகு மெதுவாகத் திருப்பித் தரும். இரவு பதினோரு மணிக்கு அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். கனத்த திரைச்சீலை போட்டும் வேகிறதே என்று பலர் குறைபடுவதற்குக் காரணம் எளிமையானது. திரை உள்ளே தொங்குகிறது; வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்த பிறகுதான் அது தடுக்கிறது. தடுப்பை வெளியே போட வேண்டும். பால்கனிக் கம்பியில் கட்டிய மூங்கில் தட்டி இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்யும். ஆணியும் வேண்டாம், நாலு முழம் நைலான் கயிறு போதும். வெட்டிவேர்த் தட்டியாக இருந்து அதில் தண்ணீரும் தெளித்தால் வாசனை இலவசம். பகலில் கடல்காற்று வரும் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைப் பீரோ வைத்து அடைக்காமல் இருப்பதும் முக்கியம். பீரோவுக்கு வெயில் பக்கத்துச் சுவரைத் தள்ளிவிடலாம், அதற்கு வியர்க்காது.

பிறகு தண்ணீர். அசோகமித்திரன் 'தண்ணீர்' நாவலை எழுதியது 1970களில். அதில் வரும் தெருவின் கவலை சென்னைக் குடித்தனக்காரர்களுக்கு இன்றும் அந்நியமாகத் தோன்றாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, வாடகை வீடு பார்க்கப் போனவர்களின் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இல்லை. "போர்ல தண்ணி வருதா?" என்பதுதான். வீடு பார்க்கும்போதே குழாயின் வாயைக் கவனித்தால் பாதி கதை தெரிந்துவிடும். வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் கடின நீர். அதாவது கால்சியமும் மக்னீசியமும் கலந்த தண்ணீர். அந்தப் பொருக்கை எடுக்க ஆசிட் வேண்டாம். ஷவர் முகப்பைக் கழற்றி, வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் கண்கள் திறந்துகொள்ளும். கழற்றிய பழைய ஷவரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நல்லதாக ஒன்று வாங்கி மாட்டுவதும், போகும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிடுவதும் குடித்தனத் தந்திரங்களில் மூத்தது. பல்ப், திரைக்கம்பி, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் இதே விதி.

காகிதத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் இது பெரிய செய்தி. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய' என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் பல பத்து மாத அட்வான்ஸ்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

இதைவிடச் சுவாரசியமானது அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பு. எந்த ரிப்பேர் யாருடையது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய்களை மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இங்கேயும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். காலி செய்யும்போது 'பெயிண்டிங்குக்கு' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்றால், சட்டம் வெள்ளையடிப்பதை யார் கணக்கில் எழுதியிருக்கிறது என்று சொன்னால் ஓனர் மட்டுமல்ல, குடியிருப்பவரே நம்ப மாட்டார். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பக்கத்தைப் படிப்பது, நூறு டெகரேஷன் வீடியோ பார்ப்பதைவிட லாபம்.

இதெல்லாம் வீடு கிடைத்தவர்களின் கவலை. "சொந்த ஊர் எது?" என்ற கேள்வியிலேயே தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. சாதியை நேரே கேட்கச் சிலர் கூச்சப்படுவார்கள், அதனால் ஊரையும் சாப்பாட்டையும் கேட்பார்கள். 'வெஜிடேரியன் மட்டும்' என்று பலகையிலேயே எழுதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முஸ்லிம் என்றால், கல்யாணமாகாதவர் என்றால், தனியாக இருக்கும் பெண் என்றால் வீடு திடீரென்று 'இப்பத்தான் முடிஞ்சுது' ஆகிவிடும். செழியன் இயக்கிய 'டுலெட்' படம் இந்த அலைச்சலைத்தான் காட்டியது. ஐ.டி. வேலைகள் பெருகி வாடகை எகிறிய 2007-ஆம் ஆண்டுச் சென்னையில், உதவி இயக்குநராக இருக்கும் ஒருவர் மனைவியோடும் குழந்தையோடும் வீடு தேடுகிறார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம் அது. அதற்கு முப்பது வருஷம் முன்னால் பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தார். அதிலும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்தான் கதை ஆரம்பிக்கிறது. அந்தக் குடும்பம் சொந்தமாகக் கட்ட இறங்கிப் படும் பாட்டைப் பார்த்தவர்கள், வாடகையே தேவலை என்று நினைத்திருந்தால் தப்பில்லை.

பழைய அடுக்ககங்களின் நாட்களும் எண்ணப்பட்டு வருகின்றன. நாற்பது, ஐம்பது வயதான கட்டடங்களை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுவது இப்போது மும்முரமாக நடக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022 வந்தபின், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்தில் இறங்கலாம். குடியிருக்கிறவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. பதினைந்து வருஷம் அதே மொசைக்கில் நடந்தவராக இருந்தாலும், பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலையை ஆளுயரத்துக்கு வளர்த்தவராக இருந்தாலும், அவருக்கு வருவது காலி செய்யச் சொல்லும் தகவல் மட்டும்தான்.

கடைசி நாள் காட்சி எல்லா வாடகை வீட்டிலும் ஒன்றுதான். பழைய ஷவர் தன் இடத்துக்குத் திரும்பும். மூங்கில் தட்டி சுருண்டு வாசலில் சாய்ந்திருக்கும். சத்தியத்தை மீறி அடித்த இரண்டு மூன்று ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையில் வெள்ளை டூத் பேஸ்ட்டை வைத்து விரலால் வழித்துவிடுவார்கள். மாமி வந்து சுவரை ஒரு பார்வை பார்ப்பார்; பேஸ்ட் வாசனை அவருக்குத் தெரியாததல்ல. ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொள்வார். குட்டியானை தெருமுனை திரும்புவதற்குள் கேட்டில் 'டூலெட்' பலகை ஏறிவிடும், கம்பியால் இறுக்கிக் கட்டி.