நெஞ்சுக்குறி சொல்லும் கரடிக் கணக்கு

தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா காவோ யாய். 1962இல் அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில் சூரியக் கரடியும் ஆசியக் கருங்கரடியும் சேர்ந்து வாழ்கின்றன. இரண்டுமே உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனங்கள். பித்தப்பைக்காகக் கரடிகளைக் கொல்கிறார்கள்; வேறு விலங்குக்கு வைத்த கண்ணியிலும் அவை மாட்டிக்கொள்கின்றன. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தெரியாவிட்டால், காவல் பலன் தருகிறதா என்றே சொல்ல முடியாது.

எண்ணுவது எளிதல்ல. வானிலிருந்து பார்த்தால் மரத்தலைகள்தான் தெரியும். முட்கம்பியில் சிக்கும் முடியின் டி.என்.ஏ.வைக் கொண்டு கரடிகளை எண்ணும் முறை வட அமெரிக்காவில் நன்றாகக் கைகொடுக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டிலோ டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். சூரியக் கரடிக்கு முடியும் குட்டை. புலியென்றால் தானியங்கிக் கேமராவில் பதியும் வரிகளே அடையாளம். பக்கவாட்டில் நடந்துபோகும் கரடி வெறும் கறுப்பு.

அதன் அடையாளம் நெஞ்சில் இருக்கிறது. சூரியக் கரடிக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த லாட வடிவக் குறி; கருங்கரடிக்கு வெளிறிய பிறைக்குறி. குறியின் வளைவும் அகலமும் கரடிக்குக் கரடி மாறும். அதனால் வாசனை வீசும் உணவை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அருகில் கேமராக்களைப் பொருத்துகிறார்கள். மோப்பம் பிடித்து வரும் கரடி பின்னங்கால்களில் எழுந்து, கழுத்தை நீட்டி எட்டப் பார்க்கும். அப்போது நெஞ்சு முழுதாகப் படத்தில் விழும். காவோ யாயில் இப்படிக் கரடி அடர்த்தியைக் கணித்த ஆய்வு 2012இல் வெளியானது.

படத்தில் விழாத கரடிகளை என்ன செய்வது? முதல் சுற்றில் 10 கரடிகள் பதிந்தன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் 8. அவற்றில் 4 ஏற்கெனவே பதிந்தவை. இரண்டாம் சுற்றில் பாதி பழைய முகங்கள் என்றால், முதலில் பதிந்த 10 கரடிகளும் மொத்தத்தில் பாதி என்று கொள்ளலாம். ஆக, சுமார் 20. இன்றைய முறைகள், எந்தக் கரடி எந்தெந்தக் கேமராவில் பதிந்தது என்பதையும் சேர்த்து, 100 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணிக்கின்றன.

கேமரா இல்லாத இடத்தில் மரப்பட்டை உதவும். பழத்துக்கும் தேனுக்கும் மரமேறும் கரடி நகக்கீறல்களை விட்டுச்செல்லும். பின்னங்கால் கீறலின் அகலத்தை அளந்தால் பெரும்பாலும் இனம் தெரிந்துவிடும். இளம் கருங்கரடியின் கீறல் மட்டும் குழப்பும். எத்தனை கரடிகள் என்று கீறல் சொல்லாது. புதுக்கீறல்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதைச் சொல்லும்.

அந்தப் போக்குதான் முக்கியம். ஒரு முறை எடுத்த கணக்கை வைத்துக் காட்டின் நிலையைத் தீர்மானிக்க முடியாது. அதில் பிழைக்கு இடமுண்டு. அதே இடத்தில், அதே முறையில் திரும்பத் திரும்ப எண்ணினால்தான் சரிவு உரிய காலத்தில் தெரியவரும், கண்ணிகளை அகற்றும் ரோந்தை எங்கே கூட்டுவது என்பதும் தெளிவாகும். கணக்கெடுப்புக்குத் தொடர்ந்து பணமும் ஆளும் ஒதுக்குவது கரடியைக் காக்கும் வேலையின் முதல் படி.