18 மணி நேரம், நிற்காமல்

நியூயார்க்கில் இருக்கும் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டும். வயது 68, முழங்கால் வலி உண்டு, ஆங்கிலம் ஓரளவுதான். இரண்டு வாரமாக வீட்டில் ஒரே பேச்சு: நேரடி விமானமா, வழியில் நின்று போவதா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேர்த்தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் பூமி உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கத் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. ஒரு நூலை உருண்டை மேல் இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை ஒட்டியே போகும். ஆனால் விமானி நூலைப் பார்ப்பதில்லை, காற்றைப் பார்க்கிறார். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று முதுகில் தள்ளினால் எரிபொருளும் நேரமும் மிச்சம். அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் வழி. தூரம் கூடினாலும் 18 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையை 2004ல் நியூயார்க்கை ஒட்டிய நுவர்க் நகருக்குத் தொடங்கியது. நான்கு இயந்திர விமானம் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தது. 2013ல் சேவை நின்றது. 2018ல் இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350 வகை விமானத்தோடு மீண்டும் வந்தது. இதற்கென மாற்றியமைக்கப்பட்ட அந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண வகுப்பே கிடையாது. அங்கேதான் எங்கள் பட்ஜெட் இடித்தது.

பிராங்பர்ட் வழியாகப் போனால் சாதாரண வகுப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தூரம் சுமார் 1,100 கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் பயண நேரம் நான்கைந்து மணி நேரம் கூடுகிறது. அதில் ஒரு பகுதி தரையில். அம்மா தூக்கக் கலக்கத்தில் இறங்கி, மறுபடி சோதனை முடித்து, வாயில் எண் தேடி ஏற வேண்டும். அதை நினைத்ததும் அண்ணன் தன் போனஸிலிருந்து மீதியைத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

நேரடி விமானத்திலும் கவலை இல்லாமல் இல்லை. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. நடைபாதை ஓர இருக்கை, அடிக்கடி எழுந்து நடப்பது, போதிய தண்ணீர், விமான நிலையத்தில் சக்கர நாற்காலி என்று ஏற்பாடு செய்தோம். இறுக்கமான காலுறை தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், நாங்களாக முடிவெடுக்கவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நியூயார்க் நேரம் நமக்கு 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியது என்பதுதான் அவரைக் குழப்பியது. நள்ளிரவுக்குச் சற்று முன் சாங்கியில் கிளம்பினால் மறுநாள் விடிகாலையிலேயே அங்கே இறங்கிவிடலாம். திரும்பும்போது நிலைமை தலைகீழ். திங்கள் இரவு ஏறினால் இங்கே புதன் விடிகாலை.

“அப்போ செவ்வாய்க்கிழமை எங்கே போச்சு? என் விரதம்?” என்றார் அம்மா.

திரும்பும் டிக்கெட்டைப் புதன் இரவுக்கு மாற்றிவிட்டோம்.