மாரி காலத்து நாரி நோவு

கார்த்திகையில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நிலாவெளிப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "நாரி பிடிச்சிட்டு" என்பதுதான். பாயிலிருந்து எழும்ப முடியாது. சுஜூதிலிருந்து நிமிர முடியாது.

பழியைக் குளிரின் மேல் போடுகிறோம். ஆனால் திருகோணமலையில் ஜனவரி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே இருக்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் முதுகு நோவுள்ள 993 பேரை ஆராய்ந்தார்கள். குளிருக்கோ மழைக்கோ நோவு தொடங்குவதோடு தொடர்பு தென்படவில்லை. அப்படியானால் மாரியில் ஏன் கூடுகிறது? நடமாட்டம் குறைவதே முக்கிய காரணம் என்பது என் எண்ணம். முற்றம் எல்லாம் சேறு. மணிக்கணக்கில் குசினியில் குந்தியிருக்கிறோம். பிறகு திடீரென எழும்பி, நிறைந்த வாளியைக் குனிந்து தூக்குகிறோம். தசை இறுகியிருக்கும்போது அது தாங்குமா?

சகோதரிகளே, நோவு எந்த இடத்தில் என்று முதலில் கவனியுங்கள். தொடை இடுக்கில் நோவெடுத்தால் இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கலாம். பின்பக்கம் நோவெடுத்து, காலுக்கும் இறங்கினால் முள்ளந்தண்டிலிருந்து வரும் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம்.

பிடிப்புக்கு ஒத்தடம் நல்லது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் 15 நிமிடம் வைக்கலாம். நீரிழிவுள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும். வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்த பின்பே வைக்க வேண்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சுகம் கிடைக்கிறது என்பார்கள். உண்மைதான், வெந்நீர் தசையை இளக்கும். ஆனால் வீட்டு அடுப்பில் காய்ச்சிய நீரும் அதையே செய்யும். பஸ்ஸில் குலுங்கிப் போய் வந்தால் குறைந்த நோவும் திரும்பிவிடும்!

ஸுபஹுக்கு எழும்பும் முன் மல்லாந்து படுத்தபடியே ஒரு முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்து விடுங்கள். பிறகு மற்றக் கால். ஐந்தாறு முறை போதும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு இழுபடாது. மழை நாளிலும் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடவுங்கள். நாள் முழுதும் படுத்திருந்தால் பிடிப்பு இன்னும் இறுகும்.

வுழூவுக்கு வெந்நீர் எடுப்பதில் தவறில்லை. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்குச் சொன்ன செய்தி புகாரியில் உண்டு. சலுகை இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நின்று நோவைக் கூட்டிக்கொள்வானேன்?

ஒன்றை மட்டும் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள். பாசி பிடித்த கிணற்றடியில் மூத்தம்மா வழுக்கி விழுந்து, காலை ஊன்ற முடியாமல், கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது பிடிப்பல்ல, தொடை எலும்பு முறிவு. உருவவும் கூடாது, எழுப்பி நடத்தவும் கூடாது. அசையாமல் படுக்க வைத்து உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். இடுப்பு நோவோடு கால் மரத்துப்போனாலும், சிறுநீர் அடைத்தாலும் அல்லது தானாகப் போனாலும் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும்.