அறைக்கு ஒரு குடமா, ஆளுக்கு ஒரு பங்கா?

1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 60 லட்சம் பேர் இருந்தார்கள். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம்தான். கலிபோர்னியா மாநிலத்தின் மேலவையான செனட்டில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே உறுப்பினர். கிழக்கே மலைப்பக்கம் ஆல்பைன், இன்யோ, மோனோ என்று மூன்று கவுண்டிகள். மூன்றிலும் சேர்த்து சுமார் 14 ஆயிரம் பேர். அவர்களுக்கும் ஒருவர்!

இது 1926இல் வாக்காளர்களே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. செனட்டில் 40 இடங்கள். எந்தக் கவுண்டிக்கும் ஒன்றுக்கு மேல் கிடையாது. வளர்ந்துவரும் நகரம் கிராமப்புறத்தை விழுங்கிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

வாஷிங்டன் செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ, தலா இருவர்தானே, இதுவும் அப்படித்தானே என்று நமக்குத் தோன்றும். அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. கலிபோர்னியாவின் அந்த ஏற்பாட்டுக்கே 'கூட்டாட்சித் திட்டம்' என்று பெயர். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு கிணறு வெட்டுகிறார்கள். ஆள் எத்தனை இருந்தாலும் வீட்டுக்கு இரண்டு குடம் என்று பேசிக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குள் ஒப்பந்தம். ஆனால் ஒரே வீட்டுக்குள், கூடத்தில் பத்துப் பேர் இருக்க, அறைக்கு ஒரு குடம் என்று பங்கு வைத்தால்? மாநிலங்கள் அந்த வீடுகள். தாமே பேசி ஒன்றியமானவை. கவுண்டிகள் வெறும் அறைகள். நிர்வாக வசதிக்காக மாநிலமே எழுப்பிய சுவர்கள். சுவருக்கு ஏது ஓட்டுரிமை?

1964 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. அலபாமாவிலிருந்து வந்த 'ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்' வழக்கு அது. எந்த மாநிலமானாலும், சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். 1948இல் கலிபோர்னியாவின் ஆளுநராக அந்தப் பழைய ஏற்பாட்டை ஆதரித்தவரும் அவரே. தான் முன்பு காத்து நின்றதையே சட்டத்தின் முன் வைத்துப் புதிதாக எடைபோட்ட அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1966 தேர்தலில் லாஸ் ஏஞ்சலிஸின் இடங்கள் பத்தைத் தாண்டின. தொகுதிகளுக்குக் கோடு போடும் வேலை மட்டும் பல காலம் சட்டமன்றத்திடமே இருந்தது. தன் தொகுதியின் எல்லையைத் தானே வரைந்துகொள்வது நியாயமில்லை என்று 2008இல் மக்கள் வாக்களித்து, அதைக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்தார்கள். அதில் 14 பேர்: இரு பெரிய கட்சிகளிலிருந்தும் ஐந்து ஐந்து பேர், இரண்டிலும் சேராதவர் நால்வர். பத்தாண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு முடிந்ததும் வரைபடம் புதிதாகிறது.

செனட்டின் இடங்கள் இன்றும் அதே 40தான். அதனால் இப்போது ஒரு செனட் தொகுதியில் சுமார் 9 லட்சத்து 88 ஆயிரம் பேர். வாஷிங்டனின் பிரதிநிதிகள் சபைக்குக் கலிபோர்னியா அனுப்பும் உறுப்பினருக்குக்கூட சுமார் 7 லட்சத்து 60 ஆயிரம் பேர்தான்.