மணற்குன்று ஏறும் டீசல் வண்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே சிம்ப்சன் என்னும் பாலைவனம் உள்ளது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் அங்கே கடலலைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்துக் கிடக்கின்றன. 1962ஆம் ஆண்டில் ரெஜ் ஸ்ப்ரிக் என்ற நிலவியல் அறிஞர், மனைவியையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நிசான் பேட்ரோல் வண்டியில் அதைக் கடந்தார். மோட்டார் வண்டியில் அப்பாலையைக் கடந்த முதற்பயணம் அதுவே. இன்று குளிர்காலந்தோறும் பலர் அங்குச் செல்கின்றனர். டீசல் பிக்கப் வண்டியொன்றை வாங்கி, அதைத் தம் தேவைக்கேற்ப மாற்றி, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கிப் பயணம் செய்கின்றனர்.

இதைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வாங்கிய வண்டியின் மேல் வேறொரு வண்டியைக் கட்டும் கலை எங்கிருந்தாலும் என் கண் அங்கே போகிறது. அக்கலைக்குள் நம் பாடநூல் எவ்வாறு ஒளிந்திருக்கிறது என்பதைக் காண்போம்.

டீசல் ஏன்?

டீசல் எஞ்சினில் தீப்பொறிப் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்றை ஏறத்தாழ பதினாறு முதல் இருபது மடங்கு வரை அமுக்கும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசை கிடைப்பதால் மணலிலும் மேட்டிலும் நிதானமாக ஏறலாம். ஆனால் ஓடையைக் கடக்கும்போது எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் ஆபத்து. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. ஆகவே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதற்காகவே காற்றுக் குழாயைக் கூரை உயரத்திற்கு ஏற்றிக் கட்டுகிறார்கள். புழுதி குறைந்த காற்று கிடைப்பது அதனால் வரும் இன்னொரு பயன்.

டயரில் காற்றைக் குறைத்தல்

மணலில் புதையாமல் ஓட வேண்டுமானால் முதலில் செய்ய வேண்டியது காற்றை இறக்குவதே. அதற்குச் செலவும் இல்லை. மூன்று டன் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 750 கிலோ பாரம் அமர்கிறது. காற்றழுத்தம் 36 பவுண்டு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 300 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 18 பவுண்டாக்கினால் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். டயரின் தடம் அகலத்தைவிட நீளவாக்கில்தான் மிகுதியாக வளர்கிறது. மணல் முடிந்து கெட்டித் தரை வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். இல்லையேல் டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடித்துவிடும். அதற்காகச் சிறு காற்றடிக்கும் பம்பு ஒன்றையும் உடன் கொண்டு செல்கின்றனர்.

ஒரு டன் எங்கே போகிறது?

இத்தகைய பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் ஒரு டன் அளவே சுமக்கத் தகுதி பெற்றவை. முன்புற இரும்புத் தடுப்பு 60 கிலோ, பின்புறக் கூண்டு 150, கூரைக் கூடாரம் 60, கூடுதல் டீசல் 70, குடிநீர் 60, குளிர்ப்பெட்டியும் இரண்டாம் பேட்டரியும் 70, உபரிச் சக்கரம் 60, நான்கு ஆட்கள் 300 என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 830 கிலோ. உணவு, துணிமணி, ஜாக்கி, மண்வெட்டி, இழுகயிறு எல்லாம் இன்னும் ஏற்றவில்லை!

பாரத்தின் அளவைவிட அது அமரும் இடம் முக்கியம். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 200 கிலோவை வைக்கிறோம். இரு அச்சுகளுக்கும் இடைவெளி மூன்று மீட்டர் என்போம். நெம்புகோல் விதிப்படி முன் அச்சு ஏறத்தாழ 67 கிலோவை இழக்கிறது. பின் அச்சு 267 கிலோவைத் தாங்குகிறது. வைத்தது 200, பின் அச்சு சுமப்பதோ 267! இக்கணக்கை என் தந்தையிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "பின்னால பாரம் ஏத்துனா முன்னால லேசாயிரும் கண்ணு. ஸ்டேரிங் சொன்ன பேச்சுக் கேக்காது" என்றார்.

ஆஸ்திரேலியாவில் பின்னால் அளவுக்கு மீறி ஏற்றி, டிரெய்லரும் இழுத்து, குண்டும் குழியுமான பாதையில் ஓடிய பிக்கப்களின் சேஸ் நடுவில் வளைந்துபோனது உண்டு. தாழ்ந்த பின்புறத்தைத் தூக்க வலுவான ஸ்பிரிங்கோ காற்றுப்பையோ பொருத்துவார்கள். வண்டி நேராக நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சேஸின் வலிமை அதனால் கூடுவதில்லை. ஆள் நடமாட்டமற்ற மணல்வெளியில் சேஸ் வளைந்தால் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே தண்ணீர்த் தொட்டி போன்ற கனமானவற்றை இரு அச்சுகளுக்கு நடுவே, தாழ்வாக அமைப்பதே அறிவுடைமை. புறப்படுமுன் எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரிலும் பின்னால் கம்பிகள் நீட்டிக்கொண்டு லாரிகள் போகக் காண்கிறோம். பாலைவனத்தில் செல்லும் அதே விதி பைபாஸ் சாலையிலும் செல்லும். தந்தை கைப்பழக்கத்தில் அறிந்ததை நான் எண்ணால் அறிகிறேன். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று கை சொல்லாது. எந்த இடத்தில் வெல்டு பிடிக்காது என்று எண் சொல்லாது. பட்டறையில் சட்டம் வெட்டுமுன் ஒரு தாளில் கணக்கிடும் வழக்கம் வருமானால், என் பட்டம் எங்கள் வீட்டுக்கும் சாலையில் போகும் பிறர்க்கும் பயன்பட்டதாகும் என நம்புகிறேன்.