பம்பரின் பளபளப்பு எங்கே இருக்கிறது?

பழைய மோட்டார்க் கார்களின் முன்னும் பின்னும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் பம்பர். ரேடியேட்டருக்குக் காற்று புகுவதற்காகக் காரின் முகப்பில் சட்டம் சட்டமாக அமைந்திருப்பது கிரில். இந்த பம்பர் எந்த உலோகத்தால் ஆனது என்று கேட்டால், "குரோமியம்" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அப்படியானால் அதில் ஏன் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன? குரோமியம் துருப்பிடிக்காதே! துருப்பிடிப்பது இரும்பு அல்லவா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் பழைய பம்பரைப் புதுப்பிக்க முடியும்.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. 1974-ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக அதன் குரோம் பம்பர் நீக்கப்பட்டு, பருத்த கறுப்பு பம்பர் பொருத்தப்பட்டது. ஆகவே அதற்கு முந்திய குரோம் பம்பர் கார்களுக்கு இன்றும் ரசிகர்களிடம் தனி மதிப்பு உண்டு. ஆனால் இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் பம்பரின் கதி என்ன?

மூன்று மாடி வீடு

பம்பரை ஒரு மூன்று மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் எஃகு. அதன்மேல் தாமிரம். அதற்கும் மேல் நிக்கல். உச்சியில் குரோமியம். தாமிரம் இல்லாமல் நேராக நிக்கல் பூசுவதும் உண்டு.

ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் தெரியுமா? சாதாரணக் காகிதத்தின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல பம்பரில் நிக்கல் 25 மைக்ரான் அளவுக்கு இருக்கும். குரோமியமோ கால் மைக்ரான்தான்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பை மூட 220 கிராம் நிக்கல் தேவை. குரோமியம் இரண்டு கிராம்கூட வேண்டாம்.

ஆக, நாம் கண்டு வியக்கும் கண்ணாடிப் பளபளப்பு பெரும்பாலும் நிக்கலுடையது. ஆனால் நிக்கலைத் தனியே விட்டால் நாளடைவில் மங்கி மஞ்சளிக்கும். 1920-களில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் குரோமிய முலாம் பூசும் முறையைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். அதற்கு முன் கார்களின் நிக்கல் பாகங்களை ஓயாமல் துடைத்து மெருகேற்ற வேண்டியிருந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வை மங்காமல் காக்கிறது.

துரு எங்கிருந்து வருகிறது?

குரோமியப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகளும் துளைகளும் உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் நிக்கலை அடைகிறது. காலப்போக்கில் நிக்கலையும் அரித்து எஃகை எட்டிவிடுகிறது. அப்போது ஒரு குட்டி மின்கலம் உருவாகிறது!

வீட்டிலுள்ள துத்தநாக முலாம் பூசிய வாளியை நினைத்துப் பாருங்கள். அதில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படியல்ல. எஃகைவிட அது எளிதில் வினைபுரியாதது. ஆகவே துளை விழுந்த இடத்தில் எஃகுதான் கரைகிறது, அதுவும் வேகமாக. நீங்கள் காணும் பழுப்புப் புள்ளி, அடித்தளத்திலிருந்து வரும் அபாயச் செய்தி.

ஈரமாக்கிக் கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்தால் அந்தப் புள்ளி மறைவதைப் பார்க்கலாம். ஆனால் போனது மேலே படிந்த துருதான். துளை அப்படியே இருக்கிறது. அதை மூட வேண்டுமானால் முலாம் முழுவதையும் நீக்கிவிட்டு, மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மீண்டும் அடித்தளத்திலிருந்து

முதலில் குரோமியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து நீக்குவார்கள். அடுத்து, பம்பரைக் கந்தக அமிலத்தில் தொங்கவிட்டு நேர்மின்முனையாக்கி நிக்கலைக் களைவார்கள். இப்போது வெறும் எஃகு தெரியும். நெளிவுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, ஓட்டைகளைப் பற்றவைத்து, வரவர மென்மையான உப்புத்தாள்களால் தேய்ப்பார்கள். வேலையில் பெரும்பகுதி இதுதான். முலாம் எதையும் மறைக்காது. சிறு கீறலையும் பன்மடங்காக்கிக் காட்டிவிடும்.

அடுத்து தாமிரம். இங்கே ஒரு சிக்கல். அதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்களே பார்க்கலாம். ஆசிரியரின் மேற்பார்வையில், உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணி ஒன்றை மயில்துத்தக் கரைசலில் போடுங்கள். மயில்துத்தம் நஞ்சு, கையில் படக்கூடாது. சில நிமிடங்களில் ஆணி சிவந்துவிடும். எடுத்துத் துணியால் துடைத்தால் அந்தத் தாமிரம் உதிர்ந்துவிடும்! இரும்பு கரைந்து, அதன் இடத்தில் தாமிரம் அவசரமாகப் படிந்ததால் பிடிப்பில்லை. எனவே தொழிற்சாலையில் வேறொரு கரைசலில் முதலில் மெல்லிய படலம் பூசுகிறார்கள். இதற்குப் பெரும்பாலும் சயனைடு கரைசலே பயன்படுகிறது. பிறகுதான் தாமிரத்தைக் கனமாக ஏற்றுவார்கள். தாமிரம் மென்மையானது. அதைத் தேய்த்து மெருகேற்றினால் சிறு குழிகள் நிரவிப் பரப்பு சமமாகும்.

இனி நிக்கல். நிக்கல் உப்புக் கரைசலில் பம்பர் எதிர்மின்முனை. நிக்கல் கட்டிகள் நேர்மின்முனை. மின்னோட்டம் பாய்ந்ததும் ஒவ்வொரு நிக்கல் அயனியும் பம்பரிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பெற்று உலோகமாகப் படியும்.

கடைசியாகக் குரோமியம். ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 250 கிராம் குரோமியம் ட்ரையாக்ஸைடும், இரண்டரை கிராம் கந்தக அமிலமும் இருக்கும். அந்தச் சிறிதளவு அமிலம் இல்லாவிட்டால் முலாம் சரியாகப் படியாது. நேர்மின்முனை ஈயக் கலவை. ஒரு குரோமிய அணு படிய ஆறு எலெக்ட்ரான்கள் வேண்டும். போதாக்குறைக்கு, மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்குவதிலேயே செலவாகிவிடும்.

கிரில் ஏன் கடினம்?

மின்னோட்டம் விளிம்புகளையும் முனைகளையும் நாடிச் செல்லும். உள்மடிப்புகளில் நுழையத் தயங்கும். ஆகையால் கிரில்லின் விளிம்புகளில் முலாம் கருகிப்போகலாம். உட்பக்கம் வெறுமையாகவே நின்றுவிடலாம். அங்கே சிறு நேர்மின்முனைகளை அருகே நிறுத்திச் சரிசெய்வார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய கார்களின் அலங்காரப் பாகங்களில் அலுமினியமும் துத்தநாகக் கலவையும் கலந்திருக்கும். எஃகு என்று எண்ணி அமிலத்தில் போட்டால் பாகமே கரைந்துவிடும்! எனவே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, காந்தத்தால் தொட்டுப் பார்த்தும், பின்பக்கத்தில் சற்றுச் சுரண்டிப் பார்த்தும் பிரித்து வைக்க வேண்டும்.

பளபளப்பின் விலை

ஹைட்ரஜன் குமிழிகள் வெடிக்கும்போது கரைசல் நுண்துளிகளாகத் தெறித்துப் பனிமூட்டம்போல் எழும். அதிலுள்ளது ஆறு இணைதிறனுள்ள குரோமியம். இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். பாதுகாப்பின்றித் தொட்டிகளருகே உழைத்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே துளைபட்டதுண்டு. கழிவு நீர் மண்ணில் கலந்தால் கிணறும் கெடும். ஆகவே இந்த வேலை ஒருபோதும் வீட்டுக் கொல்லையில் செய்யத்தக்கதல்ல. நல்ல தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சும் கருவிகள் இருக்கும்; கழிவிலுள்ள குரோமியத்தை மூன்று இணைதிறனுள்ளதாக மாற்றிச் சுண்ணாம்பால் படியவைப்பார்கள். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் குரோமியம் ட்ரையாக்ஸைடைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். முலாம் பூசவே மூன்று இணைதிறனுள்ள குரோமியத்தைப் பயன்படுத்தும் முறையும் இப்போது பரவியுள்ளது. அதன் நிறம் சில வேளைகளில் சற்று வேறுபடும். பழைய நீலச் சாயலே வேண்டுமென்று அடம்பிடிக்கும் கார்ப் பிரியர்களும் உண்டு. ஒருவருடைய காரின் நிறச் சாயலுக்காக இன்னொருவர் நஞ்சை மூச்சிழுக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்!

அடுத்த முறை மின்னும் பழைய கார் ஒன்றைக் கண்டால், பம்பரின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, குனிந்து பின்பக்கத்தையும் பாருங்கள். சேறு ஒட்டி ஈரம் தேங்குவது அங்கேதான். பின்பக்கத்தைக் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசி வைத்திருந்தால், அந்தக் கார் விஷயம் தெரிந்தவர் கையில் இருக்கிறது என்று அறியலாம்.